உப்புக் காற்றும் ஒலிக்கருவியும்: வாசகர் கேள்வி பதில்

ஹை-ஃபை பொழுதுபோக்கு பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேள்வி எதுவானாலும் பாதிக்கு மேல் பதில் உப்பில்தான் போய் நிற்கிறது.

கேள்வி: வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கிறது, இடது ஸ்பீக்கர் அவ்வப்போது செத்துப்போகிறது. துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது, பிறகு முன்னைவிட மோசம். சிலிக்கா ஜெல் பொட்டலமும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். (பெரியபட்டினம்)

பதில்: ஈரத்தை மட்டும் விரட்டினால் போதும் என்று நினைப்பதுதான் சிக்கல். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்த்துப்போகும். கடல் தெறிப்பில் அதனோடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் ஈரப்பதம் அவ்வளவு இறங்கும் நாளே கிடையாது. ஆகவே கருவியின் மேல் படிந்த உப்பு வருடம் முழுக்க ஈரமாகவே இருக்கும்; செம்பையும் வெள்ளீயத்தையும் இரவு பகலாக அரிக்கும். திறந்த அறையில் சிலிக்கா ஜெல் வைப்பது வீண். உப்பையே எடுத்தாக வேண்டும்.

வெளிப்புறத்தை, ஆர்.ஓ. நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வாரம் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். வெறும் உலர்ந்த துணி உப்பை இடம் மாற்றி வைக்குமே தவிர எடுக்காது. உங்கள் மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதைத் தவறவிடக் கூடாது. தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தவர்கள் வாடைக் காலத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

குமிழுக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விடுங்கள். மூடியைக் கழற்றியதும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களின் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து, 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். வால்யூம் கன்ட்ரோலின் கால்களுக்கு மேலே சிறிய இடைவெளி இருக்கும். அதற்குள் மசகு கலந்த கான்டாக்ட் கிளீனரை ஒரே ஒரு சிறு பீச்சு பீச்சி, குமிழைக் கடைசிவரை இருபது முப்பது முறை முன்னும் பின்னும் திருகுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே இதற்கானது அல்ல. அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் தூசியும் உப்பும் ஒட்டும்; ஒரு மாதத்தில் மோசமானதற்குக் காரணம் அதுதான்.

இடது பக்கம் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலேதான் காரணம். ஆம்ப்பை ஆன் செய்த சில வினாடிகளில் 'டிக்' என்று கேட்கிறதே, அதுதான் ரிலே; ஸ்பீக்கரை ஆம்ப்போடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச். பாட்டு மெல்லியதாக ஓடும்போது ஒலி போய், வால்யூமைக் கூட்டியதும் திரும்பி வந்தால் ரிலேயின் தொடுமுனை கறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள புதிய ரிலே மாற்றுங்கள். விலை அதிகமில்லை, சில கால்களைச் சால்டரிங் அயர்னால் சூடுவைத்து எடுக்கிற வேலைதான்.

இன்னொன்று. ஏ.சி. அறையில் கருவி வைத்திருப்பவர்கள், ஏ.சி.யை அணைத்த கையோடு ஜன்னலைத் திறக்காதீர்கள். 22 டிகிரிக்குக் குளிர்ந்த உலோகத்தின் மேல் கடற்காற்று பட்டால் வியர்த்துவிடும். நேர்மாறாக, கருவி அறையைவிட 5 டிகிரி சூடாக இருந்தால், காற்றில் 80 சதவீதமாக இருக்கும் ஈரப்பதம் அதன் பரப்பில் ஏறக்குறைய 60 ஆகிவிடும். தினமும் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பது கருவிக்கும் நல்லது. வீட்டில் யாராவது சத்தம் போட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பழைய 8 அங்குல ஸ்பீக்கரில் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டாலே உதிர்கிறது. வளையம் மட்டும் மாற்றலாமா? (மண்டபம்)

பதில்: மாற்றலாம். ஆனால் முதலில் ஒரு சோதனை. இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, நேராகச் சில மில்லிமீட்டர் அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் நல்லது. 'சரசர' என்று உரசினால் காந்த இடைவெளிக்குள் துருப் பூத்திருக்கலாம், அல்லது வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். உதிர்ந்த ஃபோமை முழுதாக வெட்டியெடுத்த பிறகும் உரசல் போகாவிட்டால், வளையத்துக்குச் செலவழிக்காதீர்கள். இடைவெளித் துருவைச் சுத்தம் செய்து பிழைக்க வைப்பது அபூர்வம்.

வளையம் வாங்கும்போது '8 அங்குலம்' என்று மட்டும் கேட்டால் தவறானதுதான் வரும். நான்கு அளவு வேண்டும்: வெளி விட்டம், கோனில் ஒட்டும் உள் விட்டம், இவற்றுக்கு நடுவே மேடாக எழும் பகுதியின் உள், வெளி விட்டங்கள். 2 மி.மீ. பிசகினாலும் கோன் இழுத்துக்கொண்டு நிற்கும்.

பழைய பசையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். காகிதக் கோனை அளவுக்கு மேல் நனைக்காதீர்கள். புதிய வளையத்தை முதலில் கோனில் மட்டும் ஒட்டி, இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். பிறகுதான் சட்டத்தில் பசை தடவ வேண்டும். பசை இறுகும் முன்பே கைபேசியிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப் வழியாக மெல்ல ஓடவிட்டு, கோன் 2, 3 மி.மீ. அசைகிற அளவில் உரசல் கேட்கிறதா என்று காது வையுங்கள். கேட்டால் வளையத்தைத் துளித் துளியாக நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். உடனே பிடிக்கும் பசை இங்கே ஆகாது; நகர்த்த அவகாசமே தராது. காகிதக் கோனுக்கு வெள்ளைப் பசை போதும். பிளாஸ்டிக் கோனில் அது ஒட்டாது, அதற்கென்று விற்கும் பசை வேண்டும். 24 மணி நேரம் கழித்துப் பாட்டுப் போடலாம்.

ஃபோம் பாலியூரித்தேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது தானாகவே சிதையும். நீங்கள் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் சரி. அளவு பொருந்தி ரப்பர் வளையம் கிடைத்தால் அது நீடிக்கும், ஆனால் கனம் கூடுவதால் பேஸ் சற்று மாறும். புதிதாக ஸ்பீக்கர் வாங்குவதானால் ரப்பர் வளையமும் துளையில்லாத பெட்டியும் நம் கரைக்கு நல்ல ஜோடி. பேஸ் துளை உள்ள பெட்டி, கோன் அசையும்போதெல்லாம் உப்புக் காற்றை உள்ளே இழுக்கும்.

கேள்வி: தடித்த, விலை கூடிய ஸ்பீக்கர் வயர் மாற்றினால் ஒலி மேம்படுமா? (தேவிபட்டினம்)

பதில்: 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் தூரம்வரை 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி தாராளம். போகவர 10 மீட்டருக்கு அதன் மின்தடை 0.12 ஓம் கூட வராது. மிச்சக் காசில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வாங்குங்கள், பச்சை பிடிக்காது. சாதாரணக் கம்பியென்றால் ஆண்டுக்கு ஒருமுறை முனையில் ஒரு அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

கேள்வி: ட்யூனரில் கொடைக்கானல் பண்பலை 100.5 கேட்பேன். காற்று ஓய்ந்த இரவுகளில் இலங்கை நிலையம் எதுவோ வந்து மேலே ஏறிக்கொள்கிறது. ஆன்டெனாவை உயர்த்தியும் பயனில்லை. (ராமேஸ்வரம்)

பதில்: உயர்த்தினால் இரண்டுமே கூடும். உங்களுக்கு வேண்டியது உயரம் அல்ல, திசை.

கடல்மேல் குளிர்ந்த ஈரக் காற்று தங்கி, அதற்கு மேல் வெதுவெதுப்பான உலர் காற்று படர்ந்தால் வானொலி அலைகள் அந்த இடைவெளியில் வளைந்து வெகுதூரம் ஓடும். காற்று வீசினால் அடுக்கு கலைந்துவிடும், அதனால்தான் ஓய்ந்த இரவுகளில் மட்டும் இந்தத் தொல்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையம் வந்தால் பண்பலை ட்யூனர் வலுவானதைப் பிடித்து மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தால்தான் மாறி மாறிப் பேசும். ஆகவே இலங்கை சிக்னலை ஓரளவு குறைத்தாலே போதும்.

இங்கே பூகோளம் உங்கள் பக்கம். ராமேஸ்வரத்திலிருந்து கொடைக்கானல் மேற்கு வடமேற்கில் 220 கி.மீ. சுமார்; தலைமன்னார் ஏறக்குறைய அதற்கு நேர் எதிர்த் திசை. ஐந்து கம்பி யாகி ஆன்டெனாவைக் கொடைக்கானலை நோக்கித் திருப்பினால் அதன் முதுகு இலங்கையைப் பார்க்கும். யாகியின் பலவீனமான பக்கம் முதுகுதான். வாங்கும்போது முன்னுக்கும் பின்னுக்கும் 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் உள்ளதா என்று கேளுங்கள். இப்போது வைத்திருப்பது சாதாரண இருமுனைக் கம்பியாக (71 செ.மீ. கொண்ட இரண்டு கைகள்) இருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

மாடியில் நிறுத்தும்போது இரும்புத் திருகாணி போடாதீர்கள். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும், இரும்பும் துருப்பிடிக்கும். படகுச் சாமான் கடையில் 316 தரத் துருப்பிடிக்காத எஃகு போல்ட் கேளுங்கள். கேபிள் இணைப்பின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். அதற்குப் பிறகும் இரைந்தால் ட்யூனரை மோனோவுக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கு மிக வலுவான சிக்னல் தேவை.

கேள்வி: ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற இரைச்சல். எலக்ட்ரீஷியன், மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன், நின்றது. (உச்சிப்புளி)

பதில்: இன்றே திரும்ப மாட்டுங்கள். உள்ளே ஒரு ஒயர் கழன்று தகட்டில் பட்டால், உங்கள் கைதான் எர்த்.

எர்த் முனை மாட்டிய நிலையிலேயே, எல்லா உள்ளீட்டு ஒயர்களையும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் ஒன்றுக்கு இரண்டு எர்த் வழி இருக்கிறது. பெரும்பாலும் டிஷ் ஆன்டெனாவின் கேபிள்தான் இரண்டாவது வழி. செட்டாப் பாக்ஸுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் தீரும். எல்லாம் பிடுங்கியும் இரைந்தால் ஆம்ப்பின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வற்றியிருக்கும். இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது சைன் வேவ் அல்லாத இன்வெர்ட்டர்.

வீட்டு எர்த்தையும் சோதியுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரியில்லை. மேல் மணல் காய்ந்தால் மின்சாரம் இறங்காது. ஆழத்தில் உவர் நீர் இருந்தாலும் இரும்புக் குழாயை அது தின்றுவிடும். செம்பு பூசிய 3 மீட்டர் கம்பி இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தாவின் 78 சுழற்சி இசைத்தட்டுகளில் பூஞ்சை. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? (தொண்டி)

பதில்: வேண்டவே வேண்டாம். அவை அரக்குத் தட்டுகள். ஆல்கஹாலில் அரக்கு கரையும். ஸ்பிரிட்டோடு பாட்டும் போய்விடும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, நல்ல நீரில் அலசி, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். ஊறப்போடாதீர்கள், லேபிள் நனைய வேண்டாம். பூஞ்சைத் தூள் மூச்சில் ஏறும், முகக்கவசம் போடுங்கள். கேட்பதற்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி. எனும் வினைல் தட்டுக்கான ஊசி 0.7 மில் அளவு. பள்ளத்தின் அடியில் குப்பையைத்தான் உழும்.

கேள்வி: அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சிங்கிள் மால்ட் விஸ்கி, ஸ்பீக்கர் அலமாரி மேல் இரண்டு வருடம் இருந்தது. கால் பாட்டில் மிச்சம். கார்க் முறிந்துவிட்டது, ருசியும் மங்கிவிட்டது. இன்னும் முதிர்ந்திருக்கும் என்றல்லவா நினைத்தேன்? இந்திய மால்ட்களில் வயது போடாதது ஏன்? (ராமநாதபுரம்)

பதில்: கண்ணாடிக்குள் விஸ்கி முதிராது, முதிர்வது பீப்பாயில் மட்டும். பாட்டிலில் முக்கால் பங்கு காற்று இருந்தால் மணம் மெல்ல மங்கும். பாதிக்குக் கீழே இறங்கியதும் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்குக் கழுத்துவரை மாற்றுங்கள், அல்லது சில மாதங்களில் முடித்துவிடுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைக்கக் கூடாது, 40 சதவீத ஆல்கஹால் கார்க்கைத் தின்னும். முறிந்த கார்க்கைக் காபி வடிகட்டும் காகிதத்தில் வடித்துப் பிரிக்கலாம். வெயில் படாத கீழ்த்தட்டு நல்ல இடம். ஆம்ப்பின் தலைமேல் வைத்தால் சூட்டில் ஆவி விரிந்து மூடி தளரும். சிந்தினால் ஆம்ப்பும் போச்சு.

வயது போடாததற்குக் காரணம் வெப்பம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூரு அம்ருத் விஸ்கி ஆலையில் அது 10 சதவீதத்துக்கும் மேல். மரத்தின் சாறும் அதே வேகத்தில் இறங்குகிறது. பன்னிரண்டு வருடம் வைத்தால் பீப்பாயில் மிச்சம் கொஞ்சமே, அதுவும் மரக்கசப்பாக. ஆகவே நான்கைந்து வருடத்தில் எடுத்துவிடுகிறார்கள்; அந்த எண்ணை லேபிளில் போட்டால் ஸ்காட்ச் பழக்கத்தில் இருப்பவர் இளசு என்று ஒதுக்குவார். அம்ருத் 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் விற்றது கிளாஸ்கோவில்தான். அதன் ஃப்யூஷன் என்ற விஸ்கி, இந்திய பார்லியும் ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியும் சேர்ந்தது, 50 சதவீதம். கோவாவின் பால் ஜான் விஸ்கியும் உங்களைப் போலவே கடலோரக்காரர்.

50 சதவீத விஸ்கிக்குச் சில துளி நீர் விட்டால் மணம் திறக்கும். ஆனால் வீட்டு உவர் நீரோ அதில் உறைந்த ஐஸோ ஆகாது, உப்பு நாக்கில் முந்திக்கொள்ளும். குப்பி நீர் விடுங்கள். 46 சதவீதத்துக்குக் கீழே உள்ள, குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி, ஐஸ் பட்டதும் கலங்கினால் கெட்டதல்ல. கொழுப்பு அமிலச் சேர்மங்கள் திரள்வதுதான்.

ஸ்பீக்கரை நகர்த்திப் பொருத்துவது, ஒலியை ஒப்பிடுவது எல்லாவற்றையும் முதல் கிளாஸுக்கு முன்பே முடித்துவிடுங்கள். குடித்த பிறகு கேட்டால் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும்.