ஆடாத ரயில்

கேள்வி: நீங்கள் சிபாரிசு செய்தீர்களே என்று 'தி நேரோ மார்ஜின்' (1952) பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பின்னணி இசை இல்லை. ஏறக்குறைய முழுப் படமும் ரயிலுக்குள்ளேயே ஓடுகிறது. காசில்லாமல் எடுத்த படத்துக்கா இவ்வளவு பாராட்டு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: காசில்லாமல் எடுத்த படமேதான். ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் 13 நாளில் முடித்த 71 நிமிடப் படம். பாராட்டே அதற்குத்தான்.

ரயில் ஆட வேண்டும் என்றால் செட்டை ஆட்ட வேண்டும். அதற்குச் செலவாகும். இயக்குநர் ரிச்சர்ட் ஃப்ளெய்ஷர் செட்டைத் தரையோடு அசையாமல் நிறுத்திவிட்டு கேமராவை ஆட்டினார். குறுகலான இடங்களில் கேமராவைக் கையில் பிடித்தே எடுத்தார்கள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனிக்காமல் போனால்தான் அது சரியான வேலை.

இசை இல்லையா? நடிகை மேரி விண்ட்சர் ரயிலில் தன் அறையில் போடும் ரெக்கார்டை விட்டால், மீதிக்கெல்லாம் தண்டவாளச் சத்தமும் ஊதலும்தான். அவர் நகத்தை ராவுகிற இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். முன்னும் பின்னும் போய்வரும் அரம், அடுத்த ஷாட்டில் ரயில் சக்கரத்தின் ஓட்டமாகிவிடும். இதில் வயலினுக்கு என்ன வேலை?

ரயிலின் நடைவழி ஓராள் அகலம். ஒரு பருத்த பயணி எதிரே வந்தால் துப்பறியும் போலீஸ்காரராக வரும் சார்லஸ் மெக்ரா ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். முதல் தடவை சிரிப்பு வரும். அவசரத்தில் அதே ஆள் வழியை அடைக்கும்போது வராது.

(படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) கடைசியில் மூடிய கதவுக்குப் பின்னால் கொலையாளி. உள்ளே எங்கே நிற்கிறான் என்று காட்டிக்கொடுப்பது, பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் ரயிலின் ஜன்னல் கண்ணாடி. ஒரு பிரதிபலிப்பு, அவ்வளவுதான் செலவு.

குறையே இல்லையா என்றால், உண்டு. ஒரு முக்கியமான பாத்திரம் சாகிறது. அதற்காக யாரும் ஒரு நிமிடம்கூட நின்று வருந்துவதில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

படம் கவனிக்கப்படாமல் போனதில் ஸ்டூடியோ அதிபர் ஹோவர்ட் ஹியூஸுக்கும் பங்குண்டு. 1950இலேயே எடுத்த படத்தை 1952 வரை பெட்டிக்குள் வைத்திருந்தார். அப்படியும் கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

1990இல் ஜீன் ஹேக்மேனை வைத்து இதையே திரும்ப எடுத்தார்கள். ஸ்டார் உண்டு, இசை உண்டு, ரயில் கூரைமேல் சண்டையும் உண்டு. நீளமும் 26 நிமிடம் கூடுதல். உங்களுக்குப் பிடிக்கக்கூடும், பாருங்கள்.