பிரசவமும் பிரஷரும்: கேள்வி பதில்

(பிரசவ வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பாளையங்கோட்டை அக்காவின் பதில்கள்)

அம்பாசமுத்திரம்: அக்கா, தங்கச்சிக்குப் பிரசவமாகி ஐந்தாம் நாள். எட்டாம் மாதம் பிரஷர் இருந்தது. நேற்றிலிருந்து தலைவலி. பச்சை உடம்பில் காற்று பட்டிருக்கும் என்கிறாள் அம்மா. நாளை வரை பார்க்கலாமா?

பார்க்கவே கூடாது. முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சத்தை அப்புறம் படியுங்கள். பிள்ளை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அது மறுபடி ஏறும். கர்ப்பத்தில் உடம்பில் தேங்கிய நீர் இரத்தக் குழாய்க்குள் திரும்பும் நேரம் அது. நம் பக்கத்துப் பெண் அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகித் தாய் வீட்டுக்கு வந்திருப்பாள். மெஷின் வைத்துப் பார்க்க ஆள் இருக்காது. மேல் அளவு 160, கீழ் அளவு 110, இரண்டில் ஒன்றைத் தொட்டாலே மூளையில் இரத்தக் கசிவு வரலாம். உறுதியானதும் 30 முதல் 60 நிமிடத்துக்குள் மருந்து போயாக வேண்டும். கண் மங்கல், மேல்வயிற்று வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியோ வேறு எதுவோ, உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தை ‘பிரசவமாகி அஞ்சு நாள்’ என்பதாக இருக்கட்டும். வெறும் தலைவலி என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

வள்ளியூர்: பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது ஏழு வாரக் கர்ப்பம்.

இன்றே டாக்டரிடம் போய் மாற்றுங்கள். அது பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பத்துக்கு ஏற்றவை இருக்கின்றன. முந்தைய பிரசவத்தில் பிரஷர் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். இருந்திருந்தால் 12-ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள்.

களக்காடு: நீர்முள்ளிக் கஷாயம், பார்லித் தண்ணீர் கொடுத்து மருமகளுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரை எதற்கு?

வீக்கம் வேறு, பிரஷர் வேறு. கால் வற்றியிருக்கும்போதே 170 காட்டிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மானூர்: சிசேரியன் ஆகி நாலு நாள், தலைவலி, தைலம் தேய்க்கலாமா?

அம்பாசமுத்திரத்துக்குச் சொன்னதேதான். முதுகில் ஊசி போட்டதாலும் தலைவலி வரும், ஆனால் பிரஷர் பார்க்காமல் அப்படி முடிவு கட்டக் கூடாது. கிளம்புங்கள்.

களக்காடு: எங்க ஆச்சி பத்துப் பிள்ளை பெத்தா. மெஷின் வச்சா பார்த்தா?

ஆச்சியோடு பிறந்தவர்களில், சொந்தக்காரர்களில் பிரசவத்தில் ‘ஜன்னி கண்டு’ போனவர்கள் யார் யார் என்றும் கேளுங்கள் அம்மா. அந்த ஜன்னியில் சிலது இந்தப் பிரஷரால் வந்த வலிப்பு. இன்றைக்கு மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு அதைத் தடுக்கிறோம். பிழைத்தவள்தான் நமக்குக் கதை சொல்கிறாள், போனவள் சொல்ல முடியாது. மருமகளின் பிரஷர் இன்றைக்கு எவ்வளவு? அதை எழுதுங்கள், பேசுவோம்.

சங்கரன்கோவில்: கர்ப்பத்தில் சர்க்கரைக்கு என்ன சாப்பாடு?

அது என் பாடமில்லை. உங்கள் கிராம சுகாதார நர்ஸிடம் கேளுங்கள்.

களக்காடு: 150/100. மெஷின் தப்பாக் காட்டுதோ?

ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, வளையல், சட்டைக் கை இடிக்காமல் பட்டையைக் கட்டி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க மறுபடி பாருங்கள். அப்போதும் மேல் அளவு 140-ஓ கீழ் அளவு 90-ஓ, அதற்கு மேலோ என்றால் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். மேல் அளவு 160-ஐயோ கீழ் அளவு 110-ஐயோ தொட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.