எகிறும் பந்து: இயற்பியல் வாத்தியாரிடம் கேளுங்கள்

சார், சித்திரை வெயிலில் எங்கள் டென்னிஸ் பந்து காலையைவிட மதியம் அதிகமாக எகிறுகிறது. உண்மையா? (காட்பாடி)

உண்மைதான் தம்பி. 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் பந்துக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 5 சதவீதம் ஏறும். அதோடு, சூடான ரப்பர் நசுங்கி நிமிரும்போது கொஞ்சம் குறைவான ஆற்றலையே வெப்பமாக இழக்கும். வழக்கமான போட்டிப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. நல்ல பந்துகூட பாதிக்குச் சற்றுக் குறைவான ஆற்றலைத் தரையிலேயே விட்டுவிட்டுத்தான் எழும்புகிறது. அதற்காகப் பந்தை அடுப்பில் காட்டாதீர்கள்.

அதே பந்து பாலாற்று மணலில் ஏன் எழும்புவதே இல்லை? (வாலாஜா)

மணல்துகள்கள் ஒன்றோடொன்று உரசி விலகுகின்றன, திரும்பத் தள்ளுவதில்லை. எகிறுவதில் பந்துக்குப் பாதி, தரைக்குப் பாதி. அதனால் கேட்பவர்கள் எந்தத் தரை என்று எழுதுங்கள்.

செக் பவுன்ஸ் ஆகிவிட்டது ஐயா. என்ன செய்வது? (ஆற்காடு)

வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள் உண்டு. நாளைக் கோட்டைவிடாமல் இன்றே வக்கீலைப் பாருங்கள்.

கோலிக்குண்டு ரப்பர் பந்தைவிட அதிகம் எழும்பும் என்கிறான் என் மகன். நம்பலாமா? (குடியாத்தம்)

தடித்த கருங்கல்லில் போட்டால் நம்பலாம் அம்மா. கண்ணாடி மிகக் கொஞ்சமே நசுங்கி, ஏறக்குறைய முழுசாக நிமிர்ந்துவிடும். சாதாரண ரப்பர் நிறைய நசுங்கி, உள்ளுக்குள்ளேயே சூடாகிவிடும். மண்தரையில் போட்டால் கோலி அப்படியே கிடக்கும். கல்லில் போடும்போது சில்லு தெறிக்கும், குனிந்து பார்க்க வேண்டாம்.

மறுப்பு: எஃகுக்கு யங் குணகம் அதிகம், அதனால்தான் எஃகு குண்டு எகிறுகிறது என்று பிளஸ் ஒன்னில் படித்தோம். கோலிக்கும் அதே காரணத்தைச் சொல்லியிருக்கலாமே? (ராணிப்பேட்டை)

இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் விடமாட்டேன். யங் குணகம் சொல்வது விறைப்பு எவ்வளவு என்பதை மட்டுமே. ஈயம் ரப்பரைவிடப் பல மடங்கு விறைப்பானது. ஈயக்குண்டைக் கீழே போட்டுப் பாருங்கள், செத்தாற்போல விழும். அமுங்கிய இடம் அமுங்கியபடியே நின்றுவிடுவதுதான் காரணம். நசுக்கச் செலவான ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதே கேள்வி.

விறைப்பு இருந்தால்தானே ஆற்றல் திரும்பும்? (அதே ராணிப்பேட்டை அன்பர்)

ஈயத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள். பாலிபியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பரில் செய்த ‘சூப்பர் பால்’ பந்துக்கு விறைப்பு மிகக் குறைவு. டென்னிஸ் பந்தைவிட எவ்வளவோ உயரம் போகிறது.

எந்தப் பந்து நன்றாக எகிறும்? (ஆம்பூர்)

எந்தத் தரையில்?

சார், எகிறுகிற நல்ல பந்து எது? (திருவலம்)

ஆம்பூர்க்காரருக்குச் சொன்னதுதான். தரையை எழுதுங்கள்.

டப்பாவைப் பிரித்து, விளையாடாமலே வைத்திருந்த டென்னிஸ் பந்து இப்போது எகிறவில்லை, ஏன்? சிமெண்ட் தரை. (காட்பாடி)

தரையை எழுதியதற்கு நன்றி. ரப்பர் வழியாக உள்காற்று மெல்ல மெல்லக் கசியும். மூடிய டப்பாவுக்குள்ளும் அழுத்தம் இருப்பதால் அதுவரை கசியாமல் இருந்தது. இனி ஆடப்போகும் வாரத்தில் பிரியுங்கள்.