‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசிக்கும் பிள்ளை

கேள்வி: மகன் தரம் 3. கணக்கிலும் கதை சொல்வதிலும் கெட்டிக்காரன். வாசிக்கச் சொன்னால் மட்டும் எழுத்தெழுத்தாகத் தடுமாறுகிறான். ‘கொடி’யைக் ‘கெடி’ என்கிறான். பார்வையில் குறையில்லை என்று கண் வைத்தியர் சொல்லிவிட்டார். இது டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடா? நிறக் கண்ணாடி போட்டால் சரிவருமா?
– தாய் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: நிறக் கண்ணாடிக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். அது வாசிப்பைத் திருத்தும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. எழுத்தின் உருவம் மனதில் பதியாததே இந்தக் குறை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1970களில் அமெரிக்க உளவியலாளர் பிராங்க் வெலுட்டினோ, முன்பின் அறியாத ஹீப்ரு எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, பார்க்காமல் எழுதச் சொன்னார். வாசிக்கத் திணறியவர்களும் மற்றவர்கள் அளவுக்கே எழுதினார்கள். சிக்கல் பார்ப்பதில் அல்ல, உருவத்தோடு ஒலியைப் பொருத்துவதில்.

புத்தகத்தை மூடிவிட்டு வாயாலேயே சோதியுங்கள். ‘மரம்’ என்பதில் ‘ம’வுக்குப் பதில் ‘க’ போட்டால் என்ன? ‘படகு’வில் ‘ப’வை விட்டால் என்ன? பிறகு ‘தெலுமா’, ‘கோபிசு’ என்று பொருளில்லாச் சொற்களை எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். பழகிய சொல்லைப் பிள்ளை நினைவிலிருந்து சொல்லிவிடலாம், இவற்றை அப்படிச் சொல்ல முடியாது. இரண்டிலும் திணறினால் சந்தேகம் வலுக்கும். ர, ற மாறுவதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பேச்சில் பலருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே ஒலிதான்.

‘கொ’வில் கொம்பு (ெ) முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ‘க்’குக்குப் பின்னால் வருகிறது. கடைசியில் வரும் அரவைக் (ா) காணுமுன்பே மகன் ‘கெ’ என்று முடித்துவிடுகிறான். கொம்பு, க, அரவு என மூன்று அட்டைகள் வெட்டுங்கள். ‘கெ’ வைத்து வாசிக்கட்டும். அரவைச் சேர்த்து ‘கொ’, எடுத்துவிட்டு மறுபடி ‘கெ’. பிறகு ‘க’வுக்குப் பதில் ம, த, ப. நாளுக்கு 15 நிமிடம் போதும். ஒன்று தடுமாறாமல் வந்த பிறகே அடுத்த குறி. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவிக்க வைப்பதில் பயனில்லை, நாக்கு ஓடும், கண் எழுத்தில் நிற்காது.

‘படித்துக்கொண்டிருந்தான்’ 12 எழுத்து. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதலெழுத்து நினைவிலிருந்து நழுவிவிடும். படித்து / கொண்டு / இருந்தான் என்று பென்சிலால் பிரித்துக் காட்டுங்கள்.

சில பிள்ளைகளுக்கு ஒலி பிடிபட்டாலும், தெரிந்த படங்களின் பெயரைக்கூட வேகமாகச் சொல்ல வராது. 1999இல் வுல்ஃப், பவர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைத் தனிக் குறையாகவே எடுத்துக்காட்டினார்கள். அவர்களுக்கு ஒரே சிறு பந்தியை மூன்று நான்கு தடவை வாசிக்க வைப்பது உதவும்.

முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். பிறகு சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்வி பற்றியும் விசாரியுங்கள். தயவுசெய்து, வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவனை எழுப்பி வாசிக்கவிட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். இது சோம்பல் அல்ல.

கேள்வி: மகள் சரளமாக வாசிக்கிறாள், ஆனால் கேள்வி கேட்டால் விடை வராது. இதுவும் டிஸ்லெக்சியாதானா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: அநேகமாக இல்லை. அதே பந்தியை நீங்கள் வாசித்துக்காட்டிக் கேளுங்கள். அப்போதும் விளங்காவிட்டால் குறை மொழியறிவில் இருக்கிறது. புதிய சொற்கள் மூன்று நான்கை முன்கூட்டியே விளக்கிவிட்டு, பந்திக்குப் பந்தி நிறுத்தி, அவளுடைய சொற்களிலேயே சொல்ல வையுங்கள்.