மாமாவின் சிகரெட்டும் கைக்குழந்தையும்

அன்புள்ள ஐயா,

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். எனக்கு ஏழு மாதத்தில் ஒரு மகன். மாமா கூடத்தில் உட்கார்ந்துதான் புகைப்பார். முன்பு பீடி, போன வருடம் ஃபில்டர் சிகரெட்டுக்கு மாறினார். "இதில் நஞ்செல்லாம் வடிந்துவிடும்" என்கிறார். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியையும் போட்டுக்கொள்கிறார். அத்தையோ, "நாற்பது வருடமாக இந்தப் புகையில்தான் இருக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்கிறார். அவர் பீடி சுற்றித்தான் என் கணவரைப் படிக்கவைத்தார். அதனால் இந்த வீட்டில் புகையிலையைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. குழந்தைக்கு இரண்டு முறை மூச்சிரைப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாமாவுக்கும் ஒரு மாதமாக இருமல். நான் வாய் திறந்தால் மரியாதை தெரியாத மருமகள் என்றாகிவிடும். என்ன செய்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்: மாமாவின் ஒரு மாத இருமல். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்குச் சோதித்துப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. "சிகரெட் குடித்தால் இருமல் வரத்தான் செய்யும்" என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்து, மருத்துவர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் 2003-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். புகை என்றதும் நமக்குப் புற்றுநோய் மட்டுமே நினைவுக்கு வருகிறது. நம் ஊர்களிலேயே கண்டறிந்த இந்த உண்மை நம் வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாமாவின் இருமல் காசநோயாக இல்லாமலும் போகலாம். ஆனால் அதுதான் என்றால், கைக்குழந்தைக்குத் தொற்றினால் மூளையுறைவரை பரவிவிடக்கூடிய நோய் அது. இந்த வாரமே அவரை அழைத்துப்போங்கள். குழந்தையின் மருத்துவரிடமும் வீட்டில் ஒருவருக்குத் தொடர் இருமல் இருப்பதையும், கூடத்தில் புகைப்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். அது இருப்பது மாமாவின் உதட்டில். அவர் இழுக்கும் நேரம் சில நொடிகள்தான். மற்ற நேரமெல்லாம் மறுமுனை தானாகக் கனன்றுகொண்டிருக்கிறது. அந்தப் புகை எந்த ஃபில்டரையும் தொடாமல் நேராகக் கூடத்தில் கலக்கிறது. இழுக்காதபோது நெருப்பின் சூடு குறைவு, அதனால் எரிவதும் அரைகுறை. எனவே நச்சுப்பொருள்கள் பலவும் அந்தப் புகையில்தான் கூடுதலாக இருக்கின்றன. உங்கள் மகன் சுவாசிப்பது பெரும்பாலும் அதைத்தான். அதுவும் பெரியவர்களைப்போல இரு மடங்கு வேகத்தில் மூச்சுவிடும் வயது அவனுக்கு. மூச்சிரைப்பு, நிமோனியா, நடுக்காதில் சீழ், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் திடீர் மரணம் ஆகிய எல்லாம் புகைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு அதிகம். மின்விசிறி புகையை வீடு முழுவதும் பரப்பும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறப்பதாலோ தனி அறையில் புகைப்பதாலோ இந்த ஆபத்து நீங்காது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2006-இல் வெளியிட்ட அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது.

அத்தையின் கேள்விக்கு ஜப்பானில் பதில் கிடைத்தது. தகேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைக்காத 91,540 மனைவிமாரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார். கணவன் எவ்வளவு அதிகம் புகைத்தானோ, அவ்வளவுக்கு மனைவி நுரையீரல் புற்றுநோயால் இறப்பதும் கூடியிருந்தது. சிகரெட் கம்பெனிகள் அவருடைய கணக்கே தவறு என்று உலகமெங்கும் பிரசாரம் செய்தன. அவர் சொன்னது சரிதான் என்று அவர்களுடைய ஆட்களே உள்ளுக்குள் ஒப்புக்கொண்டிருந்தது பின்னாளில் அவர்களின் ஆவணங்கள் வழியாகவே வெளிவந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அத்தைக்கு இதுவரை ஒன்றும் ஆகாததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதை நம்பிப் பேரனைப் புகையில் படுக்கவைக்க முடியாது.

பீடி சுற்றி மகனைப் படிக்கவைத்த அத்தையை நான் வணங்குகிறேன். புகையைப் பற்றிப் பேசுவது அவருடைய உழைப்பைப் பழிப்பதாகாது. அவர் இன்னும் சுற்றுகிறார் என்றால் பீடித்தட்டும் தூளும் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். தவழத் தொடங்கும் வயதில் எதையும் வாயில் போட்டுக்கொள்வான், புகையிலை அவனுக்கு விஷம்.

மாமாவிடம் யார் பேசுவது? நீங்கள் அல்ல, உங்கள் கணவர். தன் அப்பாவிடம் பேச வேண்டிய கடமையை மனைவியின் தலையில் ஏற்றிவிட்டு அவர் ஒதுங்கி நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "அப்பா, வீட்டுக்குள் வேண்டாம். வாசலைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வாருங்கள். கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்குங்கள்" என்று அவர் சொல்லட்டும். குழந்தையின் மூச்சிரைப்பைச் சொன்னாலே போதும், வேறு நியாயம் எதுவும் தேவையில்லை.

அடியோடு விடும்படியும் கேளுங்கள். "இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது?" என்பார். பிரிட்டனில் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வில், 60 வயதில் விட்டவர்களுக்கும் சுமார் 3 ஆண்டு ஆயுள் கூடியது. விட்ட முதல் சில நாட்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். அப்போது அவரை யாரும் கடிந்துகொள்ளாதீர்கள். இடையில் ஒருநாள் மறுபடி பற்றவைத்தாலும் ஏசாதீர்கள், பலரும் பல முறை முயன்றுதான் விடுகிறார்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். நிக்கோட்டின் சூயிங்கம் அவருக்கு ஏற்றதா என்பதையும் இருமலுக்குப் பார்க்கும் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.