247 எழுத்தும் தெரியும், ‘படம்’ மட்டும் படிக்க வராது

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. எழுத்து அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை மளமளவென்று ஒப்பிக்கிறான். ஆனால் ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் திருதிருவென விழிக்கிறான். ஒரு வாசிப்புப் பயிற்சி வகுப்பில் இலவசமாகச் சோதித்துப் பார்த்து, “இப்போதே சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவான்” என்கிறார்கள். சேர்ப்பதா, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க முடியுமா?

பதில்: சேர்க்க வேண்டாம். வீட்டிலேயே முடியும்.

‘படம்’ என்பதை எழுத்து எழுத்தாக அவனைச் சொல்லச் சொல்லி, காது கொடுத்துக் கேளுங்கள். அநேகமாக “ப, ட, இம்மு” என்பான். கோளாறு அங்கேதான். மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்ல வாய்க்கு வசதியில்லை என்பதால் ‘இக்கு, இங்கு, இச்சு’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். பெரியவர்களுக்கு அந்த ‘இ’ வெறும் ஊன்றுகோல் என்று தெரியும்; குழந்தைக்குத் தெரியாது. ‘ப, ட, இம்மு’ என்பதை எத்தனை முறை சேர்த்துச் சொன்னாலும் ‘படம்’ வராது. அவன் கெட்டிக்காரன், நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறான்.

ஆகவே புள்ளி வைத்த எழுத்தைக் கொஞ்ச நாளைக்குத் தனியாக உச்சரிக்கவே வேண்டாம். முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டியே சொல்லுங்கள். ‘ட’ என்று சொல்லி உதட்டை மூடினால் ‘டம்’. ‘ர’ சொல்லி மூடினால் ‘ரம்’. பிறகு ப, டம், படம். ம, ரம், மரம்.

இதைத் தாளே இல்லாமல் முதலில் வாயாலேயே விளையாடுங்கள். குளிப்பாட்டும்போது “நான் பா, டம் என்கிறேன், அது என்ன?” என்று கேட்டால் போதும். காதால் சேர்க்கத் தெரியாத பிள்ளையால் கண்ணால் சேர்க்க முடியாது.

அப்புறம் எழுத்து. 247-ஐயும் மறந்துவிடுங்கள். ப, ட, ம, ர, க என்ற ஐந்தும் ஒரு புள்ளியும் கையில் இருந்தால் படம், மரம், பட்டம், பக்கம், மட்டம் எல்லாம் வந்துவிடும். ‘பகல்’ வரும்போது ‘க’ மெலிந்து ஒலிப்பதையும் ‘பக்க’த்தில் வலுப்பதையும் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். தமிழ் பேசும் பிள்ளையின் நாக்கு தானாகவே சரிசெய்துகொள்ளும். அடுத்து கால் (ா): பாடம், மாடம், காகம். அதன் பின் ‘படி’, ‘மாடி’, ‘கரடி’. குறி ஒவ்வொன்றாக, பழைய எழுத்துகளோடே வரட்டும். கு, டு, மு, ரு என்று உகர, ஊகார வரிசை 36 எழுத்தும் மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால், அவற்றைச் சொற்களில் வரவரத்தான் பழக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் தாராளம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிவிட்டு, கொம்பு வந்ததும் நாமே அந்த விதியை உடைக்கிறோம். ‘பெட்டி’யில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாய்க்கு முதலில் வருவதோ ‘ப்’. சொல்லின் தொடக்கத்தில் என்றால் பிள்ளை கொம்பை விட்டுவிட்டு ‘பட்டி’ என்று படிக்கும். நடுவில் வந்தால் இன்னும் மோசம்: ‘மரமே’ என்பதில் இரட்டைக்கொம்பு ‘ர’வுக்குப் பக்கத்தில் நிற்பதால் ‘மரேம’ என்று படிக்கும். இதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், சொன்ன விதியைத்தான் அது பின்பற்றுகிறது. எழுத்தை ஒரு தாளிலும் கொம்பை ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதி, “கொம்பு வலப்பக்கத்து எழுத்தோடுதான் கைகோக்கும்” என்று நகர்த்திக் காட்டுங்கள். ‘கொ’, ‘கோ’ என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து; மூன்றுக்கும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு ஒரே ஒலியாகச் சொல்லுங்கள். ‘கௌ’வின் வால் ‘ள’ போலவே இருப்பதால் பெரியவர்களே தடுமாறுவதுண்டு. அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள், குடி முழுகாது.

இனி அந்த வகுப்பு. இலவசச் சோதனையில் “உங்கள் பிள்ளைக்கு எங்கள் உதவி தேவையில்லை” என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சோதிப்பவரும் அவர்களே, மருந்து விற்பவரும் அவர்களே. பின்லாந்தில் கட்டாயப் பள்ளிப் படிப்பே 7 வயதில்தான் தொடங்குகிறது, அதற்காக அங்கே பிள்ளைகள் பின்தங்கிவிடுவதில்லை. மாதிரிக்கு ஒரு குழந்தையைப் படிக்கவைத்துக் காட்டினால், நீங்கள் அந்த நிமிடம் எழுதிய சொல்லைக் கொடுங்கள். மனப்பாடமா வாசிப்பா என்று தெரிந்துவிடும். இன்னும் ஒரு கூட்டம் கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்கவைக்கிறோம், மூளையைத் தூண்டுகிறோம் என்று கிளம்பியிருக்கிறது. மூக்கோரத்து இடுக்கு வழியாகத்தான் பிள்ளை பார்க்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள். கைபேசிச் செயலியும் அப்படித்தான்: படத்தைப் பார்த்துத் தட்டினால் நட்சத்திரம் விழும். படத்தைக் கையால் மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் கேளுங்கள்.

ஏழு வயது தாண்டியும் எழுத்துக்கூட்ட வரவில்லையென்றால் காதையும் கண்ணையும் சோதித்துவிட்டு, கற்றல் குறைபாட்டு நிபுணரிடம் காட்டுங்கள். உங்கள் மகனுக்கு அந்தப் பேச்சே இப்போது தேவையில்லை.

பள்ளியில் அட்டவணை முழுவதையும் ஐந்து முறை எழுதிவரச் சொல்வார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது கோலம் போடுவது போலத்தான், ஆசிரியருக்கும் அது தெரியும், மேலிடத்துக்கு நோட்டு நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறை எழுதினால் போதும் என்று நோட்டிலேயே குறிப்பெழுதி அனுப்புங்கள். மிச்ச நேரத்தில் அவனை மடியில் உட்காரவைத்து, வரியின் கீழே விரலை ஓட்டிக்கொண்டு ஒரு கதை படித்துக்காட்டலாம்.