கணினிக் கேள்வி: போர்மட் பண்ணியும் ஊர்கிற லப்டொப்

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பின் கணக்கு வழக்குகளை நான்தான் பார்க்கிறேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு பாவித்த லப்டொப் வாங்கினேன். ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இப்போது ஓன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி வைத்துக் குடித்து முடித்தாலும் திரை வருவதில்லை. ஒரு எக்செல் கோப்பைத் திறக்கப் பத்து நிமிடம். இரண்டு தரம் போர்மட் பண்ணினோம், ஒரு கிழமை ஓடும், பிறகு அதே கதை. சில நேரம் உள்ளே டிக் டிக் என்று சத்தம். கடையில் மதர்போர்ட் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, இனி அதைப் போர்மட் பண்ண யாருக்கும் கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்னதில் எனக்குப் பயம் தருவது அந்த டிக் டிக் சத்தம்தான். ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தரம் சுற்றுகிறது, அதன் மேல் ஒரு சின்னக் கை ஓடி ஓடி வாசிக்கிறது. ஒரு இடம் பழுதாகி வாசிக்க முடியாமல் போனால் அந்தக் கை விடாமல் திரும்பத் திரும்ப முயலும், அதுவரை விண்டோஸ் காத்துக்கொண்டு நிற்கும், நீங்களும் நிற்பீர்கள். போர்மட் பண்ணினால் கோப்புகள் தட்டில் வேறு இடத்தில் போய் விழுகின்றன, அதனால்தான் அந்த ஒரு கிழமை நிம்மதி.

இதை நீங்களே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் டிஸ்க் 100% என்று நிற்க, வாசிக்கும் வேகம் சில கேபி மட்டும் காட்டி, பதில் நேரம் நூற்றுக்கணக்கான மில்லி செக்கனில் கிடந்தால் சந்தேகம் டிஸ்க் மேல்தான், நல்ல டிஸ்க் சாதாரண வேலைக்குப் பத்து இருபதில் நிற்கும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் போட்டுப் பாருங்கள். மஞ்சள் அல்லது சிவப்பு காட்டி, 05, சி5 என்ற வரிகளின் கடைசியில் பூச்சியம் இல்லாத எண் இருந்தால், பழுதான இடங்கள் இருக்கின்றன என்று அர்த்தம்.

ஆனால் அதற்கும் முதல் கணக்குகளைக் காப்பாற்றுங்கள். இன்னொரு கணினியில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, அந்தப் பென் டிரைவில் இருந்தே லப்டொப்பை ஓன் பண்ணி, சின்னக் கோப்புகளை முதலிலும் படங்களைப் பிறகும் வேறொரு டிரைவுக்கு எடுங்கள். கணக்குகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் எடுங்கள். டிக் சத்தம் ஓயாமல் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பென் டிரைவில் இருந்து ஓன் பண்ணியபோது லப்டொப் சுறுசுறுப்பாக ஓடினால் மதர்போர்ட், ராம் எல்லாம் பெரும்பாலும் நலம். டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு.

அப்போதும் ஊர்ந்தால் டாஸ்க் மெனேஜரில் சிபியு வேகத்தைப் பாருங்கள். வேலை செய்யும்போதும் 0.79 ஜிகா ஹேர்ட்ஸ் மாதிரி ஒரு எண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றால் சூடு, அல்லது சார்ஜர். சில லப்டொப்கள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடும், கழற்றிப் பற்றரியில் ஓட்டிப் பார்த்தால் தெரியும். சூட்டுக்கு எங்கள் செம்மண் புழுதியே போதும். மாங்குளத்தில் இருந்து வந்த ஒன்றைத் திறந்தபோது மின்விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் புழுதி ஒரு கம்பளித் துண்டு மாதிரிப் படிந்து கிடந்தது, முள்ளுக்கரண்டியால் முழுசாய் உரித்தெடுத்தேன்.

டிஸ்க்தான் என்று உறுதியானால் சுற்றும் தட்டே இல்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி, 240 ஜிபியில் ஒன்று போடுங்கள். ராம் கூட்டச் சொன்னால் வேண்டாம், கணக்குக்கு 8 ஜிபி தாராளம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது, எட்டாம் தலைமுறைக்கு முந்திய ஐ5-ஐ விண்டோஸ் 11 ஏற்பதாகச் சொல்வதுமில்லை. அதனால் அந்த மின்ட்டையே நிரந்தரமாக ஏற்றிவிடலாம், எக்செல் கோப்புகள் அதனோடு வரும் இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸில் திறக்கும்.

கடையில் மாற்றும்போது பழைய டிஸ்க்கை விட்டுவிட்டு வராதீர்கள். அமைப்பு ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குள் இருக்கிறது.